எல்லோருக்கும் ஒரே அபராதம்

“இதுல ஒரு கையெழுத்து போடும்மா” என்று மனுவை நீட்டினார் இன்னாசிமுத்து வாத்தியார்.

கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற வரிசையில் நின்றிருந்த பெரியநாயகி வாங்கிப் படித்தாள். பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது பிலவேந்திரன் சாமியார் குறட்டை விட்டுத் தூங்குகிறார், அவரை உடனே மாற்ற வேண்டும் என்று ஆயருக்கு எழுதியிருந்தது.

“சாமி தூங்குனா இன்னாங்க? ஆண்டவரு முழிச்சிக்கினுதான இருக்காரு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு முன்னால் நின்ற பதினேழு பேரும் ஏற்கெனவே கைவிரித்திருந்தார்கள்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அது. மலையடிவாரக் கிராமங்கள் சேர்ந்த பங்கு என்றால் சாமியாருக்கு ஓட்டம் சும்மா இல்லை. காலை ஐந்தரைக்குப் பூசை. முடித்த கையோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போய் அங்கே ஒரு பூசை. இறங்கி வந்தால் உச்சி வெயிலில் ஓர் அடக்கம். சாப்பிட உட்காரும்போது, புது டிராக்டரை மந்திரிக்க வேண்டும் என்று வாசலில் ஆள்.

நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், தடுப்புப் போட்ட அந்த மரக்கூண்டில், உட்கார்ந்தவர், மூன்றாவது ஆள் முழங்கால் போடுவதற்குள் குறட்டையை ஆரம்பித்துவிட்டார். கோயில் வாசல்வரை கேட்டது.

அதுகூடப் போகட்டும். வாத்தியார் விசாரித்த வரையில், யார் என்ன பாவத்தைச் சொன்னாலும் சாமியார் பரிகாரமாகக் கொடுக்கிற அபராதம் ஒன்றுதான். “மூணு அருள்நிறைந்த மரியே சொல்லுங்க. மனசுல உறுத்துற ஆளுக்கு ஒரு ஃபோன் போடுங்க.”

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவருக்கு இது பொறுக்குமா? விடைத்தாளைப் படிக்காமல் மார்க் போடுகிற வாத்தியார் எவரையும் அவர் சும்மா விட்டதில்லை.

அவருக்கு விளங்காத சங்கதி ஒன்று உண்டு. முன்பிருந்த சாமியார் காலத்தில் பத்துப் பேர் தேறாத வரிசை, இப்போது கொடிமரம்வரை நீள்கிறது.

“சாயங்காலம் நீங்களும் வந்துட்டுப் போங்களேன் ஐயா” என்று மத்தியானம் கல்லறைத் தோட்டத்தில் சாமியார் சிரித்துக்கொண்டே கூப்பிட்டிருந்தார். வருஷா வருஷம் கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் வாத்தியார். இன்றைக்குச் சாட்சி சொல்ல ஒருத்தரும் இல்லாததால், தானே சாட்சியாகிவிடுவது என்று, பெரியநாயகி விட்டுக்கொடுத்த இடத்தில் அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றார்.

முறை வந்தது. முழங்கால் போட்டார். சோதித்துப் பார்க்க ஒரு பெரிய பாவமாகத் தயார் செய்து வைத்திருந்தார்.

“பக்கத்துக் கொல்லை வைக்கப்போரைக் கொளுத்திட்டேன் சாமி.”

கொர்ர்ர்.

வாத்தியார் வாழ்நாளில் தீக்குச்சி கிழித்தது மெழுகுவத்திக்கு மட்டும்தான். வந்த வேலை முடிந்துவிட்டது, எழுந்து போக வேண்டியதுதான்.

ஏனோ எழ முடியவில்லை. அந்தப் பக்கம் நிம்மதியான குறட்டை. கேட்க ஒருத்தரும் இல்லை. இத்தனை வருஷமாக ஒவ்வொரு முறையும் சொல்லாமல் விட்டுவிட்டு வந்தது தானாக வாயில் வந்தது.

“எங்கப்பா சாவக் கெடந்தப்ப, சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானான்னு கேட்டுக்கினே இருந்தாரு. வேற சாதியில கட்டிக்கினான்னு நான் தம்பிக்குத் தகவலே சொல்லலை சாமி.”

குறட்டை சட்டென்று நின்றது. வாத்தியாருக்கு உயிரே போய்விட்டது.

நல்லவேளை, அடுத்த நொடி முன்னைவிடப் பலமாகக் கிளம்பியது.

“வரமாட்டேன்னுட்டான்ப்பான்னு பொய் சொல்லிட்டேன். அப்பா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு. அப்பறம் பேசவேயில்ல. இருபத்திரண்டு வருசமாவுது.”

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். குறட்டை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அழுது ஓய்ந்தபிறகுதான் அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி கேட்டது.

“முடிஞ்சுதா ஐயா?”

“ஆச்சுங்க சாமி.”

“மூணு அருள்நிறைந்த மரியே சொல்லுங்க. மனசுல உறுத்துற ஆளுக்கு ஒரு ஃபோன் போடுங்க” என்று அதே அபராதத்தைச் சொல்லி, பாவமன்னிப்பு வழங்கி அனுப்பினார் சாமியார்.

பீடத்துக்கு முன்னால் மூன்று செபத்தையும் சொல்லி முடித்தார் வாத்தியார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் ஃபோன்? தூக்கக் கலக்கத்தில் சொன்ன அபராதம் எப்படிச் செல்லும்? தம்பிக்கு ஃபோன் போட்டு எதைச் சொல்வது? செல்லாது என்று தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அதற்காக மனுவை விட முடியுமா? நேராகச் சாமியார் வீட்டுக் குசினிக்குப் போனார். சமையல்காரர் பாவாடை கிறிஸ்தவ வேதக்காரர் இல்லை. சாமியாருக்குப் பயப்படாமல் உண்மையைச் சொல்வார்.

“பாவாடை, வூட்லயும் சாமி இப்டிதான் குறட்டை விடுவாரா? கூடவே இருக்கறவன் நீ, இதுல ஒரு கையெழுத்து போடு.”

பாவாடை வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“நம்ம சாமியா? குறட்டையா? நாலு வருசமா ஆக்கிப் போட்டுக்கினு இருக்கேங்க. அவரு தூங்குனா மூச்சு சத்தம்கூட வராது. ரெண்டு மூணு வாட்டி நானே பயந்துபோயி மூக்காண்ட கைய வெச்சிப் பாத்திருக்கேன்.”

வாத்தியார் கோயில் பக்கம் திரும்பினார். கோயிலுக்குள்ளிருந்து குறட்டை குசினிவரை கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தால், முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியநாயகி வெளியே வந்துகொண்டிருந்தாள்.

கையிலிருந்த மனுவை எரிகிற விறகடுப்பில் போட்டார்.

“பாவாடை, இங்க ஃபோனுக்கு டவர் எங்க நல்லா கெடைக்கும்?”