மூன்றாம் மாடி ஜன்னல்

“ஊரெல்லாம் காய்ச்சல்னு பார்க்கைப் பூட்டியாச்சும்மா. போர்டு கண்ணுல படலையா?”

“படிச்சேன் அண்ணே. காய்ச்சல் மனுஷங்களுக்கா, மரத்துக்கா? அஞ்சு நிமிஷம் விடுங்க.”

காவலாளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். காலையிலிருந்து எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது?

“நடக்கணும்னா உங்க வீட்டு மாடியிலயே நடக்கக் கூடாதா?”

“நான் நடக்க வரலை.” அந்தப் பெண் பூங்காவின் பின்சுவருக்கு அப்பால் நின்ற ஆஸ்பத்திரியைக் காட்டினாள். “மூணாவது மாடி, ஓரத்து ஜன்னல். அது காய்ச்சல் வார்டு, யாரையும் உள்ளே விடமாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அங்கதான் சேர்த்தோம். இந்தப் புல்தரையில நின்னாத்தான் அந்த ஜன்னல் தெரியும். தினமும் சாயங்காலம் வந்து கையாட்டுவேன்.”

காவலாளி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்.

“என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க. சட்டுனு வந்துடணும்.”

அவள் புல்தரையின் நடுவில் போய் நின்று, கையை உயர்த்தி ஆட்டினாள். ஜன்னலில் ஒரு கை மெல்ல அசைந்தது. திரும்பி வந்தவள் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அடுத்தடுத்த நாட்களும் வந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். ‘தங்கச்சி’ என்று கூப்பிடவும் தொடங்கியிருந்தார்.

ஒரு மதியம், வாசல் குழாயில் முகம் கழுவ வந்த ஆம்புலன்ஸ் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

“மூணாவது மாடியில ஒரு பஸ் டிரைவர் இருக்காரே, தேறிட்டாரா?”

“அவரா? இந்தப் பார்க்கைப் பூட்டறதுக்கு முன்னாடியே போயிட்டாரேண்ணே. நான்தான் வண்டியில கொண்டுபோனேன்.”

காவலாளி அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். அப்படியானால் ஜன்னலில் அசைவது யார் கை? யாருமே அவளிடம் சொல்லவில்லையா?

அன்று சாயங்காலம் அவள் வந்தபோது அவர் கதவைத் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“தங்கச்சி, இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. அந்த ஜன்னல்ல கையாட்டறது உன் வீட்டுக்காரர் இல்லைம்மா. அவரு...”



“தெரியும் அண்ணே” என்றாள் அவள். “நான்தானே தூரத்துல நின்னு வழியனுப்பி வச்சேன்.”

அவர் திகைத்துப் பார்த்தார். “அப்புறம் எதுக்கும்மா தினமும் வர்றே?”

அவள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது பக்கத்துக் கட்டில்காரர். அவரோட சம்சாரமும் நானும் இங்க சேர்ந்து நின்னுதான் கையாட்டுவோம். அந்த அக்காவும் இதே காய்ச்சல்ல போயிட்டாங்க, அவருக்கு இன்னும் சொல்லலை. அவ்வளவு உயரத்துலேர்ந்து பார்த்தா, மாஸ்க்கோட, நானும் அந்த அக்கா மாதிரிதான் தெரியறேன் போல.”