லிமிட்டுக்குள்

அத்தை ரிப்போர்ட்டை என்னிடம் தரவில்லை.

மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வண்டியில் கொண்டுவந்து விடுவது மட்டும்தான் என் வேலை. வெளியே நிற்கிறேன் என்றேன்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை."

சுவரோரம் நின்றேன்.

வீட்டில் யாருடைய ரிப்போர்ட்டும் முதலில் என் கைக்குத்தான் வரும். வாணியம்பாடியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவன். இங்கே ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் வேலை. தோலில் கொழுப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்ப்பேன். எண் லிமிட்டுக்குள் இருந்தால் ஓரத்தில் பச்சை மையில் ஒரு டிக். கீழே என் இனிஷியல். லாட் பாஸ்.

வீட்டு ரிப்போர்ட்டிலும் கை தானாக அதைத்தான் செய்யும்.

டாக்டர் வஜீதா தாளைத் திருப்பினார்.

"சுகர் பரவாயில்லம்மா. கொலஸ்ட்ரால் நார்மல். ஆனா ஸ்டாடின்னு ஒரு மாத்திரை எழுதுறேன். தினம் ஒண்ணு போடணும்."

அத்தை தலையாட்டவில்லை.

அவர் பெயர் கமலவேணி. ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடமாகத் தோல் செக்கிங். கட்டிங்குக்குப் போகும் ஒவ்வொரு தோலும் அவர் கையைத் தாண்டித்தான் போகும். பளபளப்பை நம்ப மாட்டார். திருப்பிப் போட்டுச் சதைப்பக்கம் பார்ப்பார். இழுத்துப் பார்ப்பார். உண்ணி கடித்த தழும்போ முள் கிழித்த கோடோ, வெள்ளி மைப் பேனாவால் ஒரு வட்டம்.

ஏற்றுமதி அவசரத்தில் ஒருமுறை சூப்பர்வைசர், "கொஞ்சம் கண்ண மூடிக்கினு பாஸ் பண்ணுக்கா" என்றாராம்.

"கண்ண மூடினா கை இன்னும் ஜாஸ்தி பாக்கும்பா" என்றாராம் அத்தை.

இதை எனக்குச் சொன்னது என் மனைவி தேவிகா. சொல்லி முடிப்பதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

இப்போது தோலுக்குப் பதிலாக அத்தையின் மேஜைக்கு டாக்டர் வந்திருந்தார்.

"நார்மல்னா அப்புறம் இன்னாத்துக்கு மாத்திரை?"

"உங்களுக்கு சுகர் இருக்கு, பி.பி. இருக்கு, வயசு அம்பத்தாறு. கொலஸ்ட்ரால் நார்மலா இருந்தாலும் ரத்தக்குழாய் அடைக்கிற சான்ஸ் மத்தவங்களவிட ஜாஸ்தி. நம்பரை மட்டும் பாத்து விட்ற முடியாது."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இதப் போட்டா சுகர் ஏறும்ன்றாங்க?"

"சில பேருக்கு லேசா ஏறும். அதைப் பாத்துக்கலாம். ஹார்ட்டுக்குக் கிடைக்கிற நன்மை அதைவிடப் பெருசு."

"காலு வலிக்குமாமே. நான் நாள் பூரா நின்னு வேலை செய்றவ."

"எல்லாருக்கும் வலிக்காது. வலிச்சா நீங்களா நிறுத்தாதீங்க, எங்கிட்ட வாங்க. டோஸ் கம்மி பண்ணலாம், இல்ல வேற மாத்தலாம்."

கல்லீரலைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருடம் என்று கேட்டார். வெளியே டோக்கன் வைத்திருந்தவர்கள் இரண்டு முறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தை திரும்பவே இல்லை.

பதினோரு வருடமாக லேபில் இருக்கிறேன். ஒரு எண்ணிடம் இத்தனை கேள்வி நான் கேட்டதில்லை.

டாக்டர் பேனாவை எடுத்தார். "வீட்ல யாருக்காவது சின்ன வயசுல ஹார்ட் அட்டாக் வந்திருக்கா?"

"எம் பொண்ணுக்கு. முப்பத்திமூணு வயசு."

பேனா நின்றது.

பதினான்கு மாதம் ஆகிறது. யாராவது கேட்டால் தேதியைச் சொல்வேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் வராது.

"அவங்களுக்கும் சுகரா?"

"எட்டு வருஷமா."

"இந்த மாத்திரை யாரும் எழுதிக் கொடுக்கலையா?"

"கொடுத்தாங்க. இதே மாத்திரைதான். அவ போடல."

"ஏன்மா?"

அத்தை பையின் காதை ஒருமுறை முறுக்கினார்.

"நான்தான் வேணாம்னேன். எல்லாம் லிமிட்டுக்குள்ளதான இருக்குது, எதுக்குன்னு சொன்னேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கையை நீட்டி அத்தையின் மணிக்கட்டைத் தொட்டார்.

"அத அப்படி மனசுல வெச்சிக்காதீங்கம்மா. போட்டிருந்தா ரிஸ்க் கொஞ்சம் கம்மி ஆகியிருக்கலாம். கண்டிப்பா பொழைச்சிருப்பாங்கன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. நல்லதுன்னு நெனச்சுத்தான சொன்னீங்க?"

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கேட்டீங்களா மாப்பிள்ளை?"

கேட்டேன்.

பிறகு டாக்டரிடம் திரும்பினார். "எழுதுங்க டாக்டரம்மா. போடுறேன்."

சீட்டை வாங்கிக்கொண்டு, ரிப்போர்ட்டை உள்ளே வைக்க மஞ்சள் பையைத் திறந்தார். அதில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. பலமுறை பிரித்து மடித்ததில் மடிப்புகள் பஞ்சாகியிருந்தன. இடம் பண்ண அதை வெளியே எடுத்தபோது தானாக விரிந்தது.

தேவிகாவின் ரிப்போர்ட்.

ஓரத்தில் பச்சை மையில் ஒரு டிக். கீழே என் இனிஷியல்.