கைப்பேச்சு

மாற்றுத்திறனாளிகள் உதவி மையத்தில் சைகை மொழி தெரிந்தவர் அன்று விடுப்பில் இருந்தார். காது கேளாத செண்பகவல்லி கைகளை வீசி வீசிச் சொன்னது அதிகாரியம்மாவுக்குப் பிடிபடவில்லை. “கூட யாரும்மா வந்திருக்கா?” என்று வாசலைப் பார்த்துக் கேட்டார். அவளைத் தேடிப் பின்னாலேயே வந்திருந்த தவசி, “நான் வீட்டுக்காரன் மேடம். அவ கைப்பேச்சு எனக்கு அத்துப்படி” என்று உள்ளே வந்து உட்கார்ந்தான்.

செண்பகவல்லி தன் முடியைத் தானே பற்றி மேஜைவரை இழுத்துக் காட்டினாள்.

“தலை சுத்துதாம் மேடம்.”

கன்னத்தில் அறைந்து காட்டினாள்.

“பல்லு வலி.”

இரண்டு கைகளாலும் கழுத்தை நெரித்துக் காட்டினாள்.

“தொண்டை கட்டியிருக்கு.”

அதிகாரியம்மா பரிதாபப்பட்டுத் தன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார்.

செண்பகவல்லி மாத்திரையைப் பார்த்தாள். எழுந்து தவசியின் முடியைப் பற்றி முகத்தை மேஜையில் மோதினாள். மேஜைமேல் போட்டிருந்த கண்ணாடி விரிசல்விட்டு அதில் ரத்தம் ஓடியது. நிமிர்த்தி அறைந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்தாள்.

“புரிஞ்சிடுச்சும்மா, விடு, புரிஞ்சிடுச்சு!” என்று அதிகாரியம்மா அலறினார்.

அவளோ தவசியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இதையாவது சரியாகச் சொல்கிறானா என்று.