எண்பதில் பறந்த ஸ்கூட்டர்

“இன்னைக்கு நம்ம ஸ்கூட்டர் எண்பதுல பறந்துச்சுடி! இன்ஜின் சத்தமே இல்ல. முந்தின காரையெல்லாம் எண்ண முடியல!” மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்து மார்தட்டினார் கணவர்.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. “இருபதைத் தாண்டினாலே இருமுற வண்டி! ரொம்ப அளக்காதீங்க. நாளைக்கு அது இரும்புக்கடைக்குத்தான்.”

“விக்கவே வேணாம். அந்த சப்பை பெட்ரோலாலதான் இருமுது. இன்னைக்கு ஒசந்த சரக்கா ஊத்தினேன்.”

வாசலில் ஹாரன் அலறியது. அவள் எட்டிப் பார்த்தாள். லாரியின் மேலே கயிற்றுக்கட்டோடு அவர்கள் ஸ்கூட்டர்.

“டீசல் ஊத்தின ஐயா வீடு இதுதானேம்மா?” என்றார் டிரைவர். “வர்ற வழியெல்லாம் அது மேலயே உக்காந்து ஹாரன் அடிச்சாரு. தெருமுனையில குதிச்சு ஓடிட்டாரு.”

மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். “ஒத்துக்கறேங்க. எண்பதுல பறந்தது நிஜந்தான்.”