வாத்தியாரின் வண்டி

"நேத்தும் நடுரோட்டுல கிளம்பாம நின்னு மானத்தை வாங்கிடுச்சு. இந்தக் கிழட்டுக் காரை வித்துத் தொலைச்சிடலாமா?" என்றார் கணக்கு வாத்தியார்.

மெக்கானிக் சாவியைத் திருகினார். உடனே கிளம்பியது. பத்து முறை போட்டுப் பார்த்தும் மக்கர் செய்யவில்லை. கூட வந்திருந்த வாத்தியாரின் மனைவி சாவியைத் திருகியபோதும் கிளம்பியது.

"இப்ப நீங்க போடுங்க, சார்."

வாத்தியார் திருகினார். சத்தமே இல்லை.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "கிளட்ச்சை முழுசா மிதிச்சாத்தான் இந்த வண்டி கிளம்பும், சார்."

"மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

பெடல் பாதிதான் இறங்கியிருந்தது.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "வண்டியில ஒண்ணும் இல்ல, சார். உங்க இடது கால்தான் சொன்னபடி கேக்கல. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க."

மனைவி திடுக்கிட்டாள். "ஒரு மாசமா இவருக்கு இடது கால் செருப்பு தானா கழண்டு விழுதுங்க. கவனமே இல்லன்னு நான் திட்டிக்கிட்டே இருந்தேன்..."

அவரைக் கைத்தாங்கலாகப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அவளே வண்டியை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள்.