சர்டிபிகேட் உள்ள ஆள்

ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்து நின்ற சில்வர் ஓக் மரத்தை மழைக்கு முன்னால் இறக்கியே ஆகவேண்டும். பவுலினாவுக்கு அதே கவலை.

"நம்ம இன்னாசிகிட்டச் சொன்னா ஒரு மணி நேரத்துல இறக்கிடுவான். எத்தனை மரம் ஏறினவன்" என்றாள் பக்கத்து வீட்டுச் சாந்தம்மா.

"அவன் வேண்டாம். இந்த மரத்துல அவன் கால் படக்கூடாது."

"அப்படி என்னக்கா கோவம் அவன் மேல?"

பவுலினா உள்ளே போய், மரம் பராமரிப்பதற்கென்றே படித்த பெங்களூர் நஞ்சுண்டப்பாவுக்குக் கடிதம் போட்டாள். சர்டிபிகேட், பெல்ட், ஹெல்மெட், பழகிய ஆள் எல்லாம் உண்டு என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குத் தூக்கம் பிடித்தது.

சொன்ன நாளில், ஓசூரில் கிடைக்காத மருந்தைக் கிருஷ்ணகிரியில் வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது வாசலில் ஜீப் நின்றது. மரத்தின் உச்சியில் ஹெல்மெட் போட்ட ஒருவன் கிளையை அறுத்துக்கொண்டிருந்தான்.

"மேல இருக்கறது உங்க ஆளுதானே?" என்று நஞ்சுண்டப்பாவிடம் கேட்டாள்.

"எங்க ஆளுக்குக் காய்ச்சல்ம்மா, வழியில அத்திப்பள்ளியிலயே இறங்கிட்டான். இங்க டீக்கடையில விசாரிச்சேன். சின்ன வயசுலயிருந்து ஏறின மரம்னு இவனே வந்தான்."

உச்சியிலிருந்து இன்னாசியின் குரல் வந்தது.

"அம்மா, தள்ளி நில்லு. கிளை விழும்."

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானோ என்று பவுலினா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நாளாகத் தீர்ந்துபோயிருந்த மகனுடைய வலிப்பு மாத்திரை, பிரிக்காமல் அவள் பையில் இருந்தது.