வலது கால் மெட்டி

அவருடைய மனைவி நாச்சம்மாளின் காலில் இருந்த கட்டை நர்ஸ் பிரிக்கத் தொடங்கினாள்.

அவர் நாற்காலியை மறுத்துவிட்டு, சுவரிலும் சாயாமல் நின்றார்.

கடைசிச் சுற்றுக்கு அடியில் அந்தச் சாம்பல் நிறத் துணி. அதில் வெள்ளி இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடித்த வெள்ளி.

மூன்று நாளுக்கு முன் டாக்டர் அதை உறையிலிருந்து எடுத்துக் காட்டியபோது அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அசல் வெள்ளிங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அசலேதானுங்க ஐயா. ஊசி மருந்துக்கு மசியாத கிருமியும் இதுக்கு மசியும். பார்க்கலாம்."

பிறகு நாச்சம்மாளின் இடது காலில், சிவப்பு ஏறியிருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார். சிவப்பு கோட்டுக்குள் நின்றால் கால் தங்கும். தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும்.

அன்று அந்தக் காலிலிருந்து அறுத்தெடுத்த மெட்டி, இரண்டு துண்டாக, அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது.

அதுவும் வெள்ளிதான்.

விரல் வீங்கியபோதே அவள் அவரிடம் கேட்டாள். சர்க்கரை உடம்பு, மெட்டிக்கு அடியில் புண், கழற்றிவிடட்டுமா என்று.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவா? நம்மூட்டுல எவ கழட்டியிருக்கறா?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மஞ்சளை அரைத்து மெட்டியின் மேலேயே பூசிக்கொண்டாள். வீக்கம் மெட்டியை விழுங்கும் வரை.

துணி முழுதாக வந்தது.



கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. சிவப்பு அதைக் கடந்து நான்கு விரற்கடை மேலே போயிருந்தது.

டாக்டர் வந்தார். பேனாவைத் திறந்தார். கோடு எதுவும் போடாமல் மூடினார்.

"தியேட்டருக்குச் சொல்லிருங்க, சிஸ்டர்."

நீட்டிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணவில்லை.

படுத்திருந்தவளுக்குத் தன் கால் தெரியாது.

"ஏனுங்க, கோட்டத் தாண்டலீங்களே?"

"தாண்டல."

பொய் பேசாத வீடு என்று ஊரில் பேர்.

நர்ஸ் வலது காலைக் காட்டினாள். "இந்த மெட்டியும் இருக்கக் கூடாதுங்கய்யா. கழட்டிருங்க."

நாச்சம்மாள் அவரைப் பார்த்தாள்.

அவர் குனிந்தார்.

அம்மியின் மேல் தூக்கி வைத்த நாளுக்குப் பிறகு அந்தப் பாதத்தை அவர் தொட்டதில்லை. பலமாக இழுக்க வேண்டியிருக்கும் என்று விரலை இறுக்கிப் பிடித்தார்.

இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. மெலிந்த விரல். ஒரே திருகில் வந்துவிட்டது.

"அதப் பத்தரமா வைங்க" என்றாள் அவள்.

"இனி எனக்கு ஒண்ணு போதுமுங்க."